ஆளுமைத் தேர்வும் அடக்கமான பெண்களும்

'ஆளுமை' என்னும் சொல்லுக்குள் 'ஆள்' இருக்கிறது. ஆள்வது, ஆட்சி, ஆண்டை எல்லாம் அந்த வேரிலிருந்து கிளைத்தவை. 'ஆண்மை'யை ஆண் + மை என்று பிரிக்கலாம். ஆள் + மை என்றும் பிரிக்கலாம். இலக்கணம் இரண்டுக்கும் இடம் தரும். பெண் விடுதலைக்கு 'ஆண்மை' அழிய வேண்டும் என்று பெரியார் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் வாதிட்டதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, அதன் உடன்பிறப்பான 'ஆளுமை' இவ்வளவு சுலபமாக நல்ல சொல்லாகிவிட்டது கொஞ்சம் உறுத்தும். ஆளுமை வளர்ச்சி முகாம், ஆளுமைப் பயிற்சி, ஆளுமைத் தேர்வு. இவற்றில் கடைசியாகச் சொன்னதைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன். வேலைக்கு ஆள் எடுக்கும்போதும், எடுத்தபின் யாருக்குப் பதவி உயர்வு என்று முடிவு செய்யும்போதும், ஒருவருடைய குணத்தை வினாத்தாள் வைத்து அளக்கும் வழக்கம் அது.

பெருநகரத்துக் கணினி நிறுவனங்களில் தொடங்கிய இந்த வழக்கம் இப்போது நாகர்கோவிலைச் சுற்றியுள்ள கல்லூரிகளுக்கும் வளாக நேர்காணலோடு சேர்ந்து வந்துவிட்டது. கணினித் திரையில் வாக்கியங்கள் வரும். புதியவர்களிடம் தானாகப் பேச்சுக் கொடுப்பேன். கூட்டத்தின் நடுவே இருக்கும்போது எனக்கு உற்சாகம் கூடும். முடிவெடுக்கும்போது பிறர் மனம் நோகுமோ என்று யோசிப்பேன். இப்படி வரும் ஒவ்வொன்றுக்கும் 'முழுமையாக ஏற்கிறேன்' என்பதிலிருந்து 'முழுமையாக மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டங்கள். முடிவில் நான்கு எழுத்துகளோ, ஒரு நிறமோ, ஐந்து பட்டைகள் கொண்ட வரைபடமோ கிடைக்கும். எழுதியவருக்கு அதைச் சில சமயம் காட்டுவார்கள். பல சமயம் காட்டமாட்டார்கள்.

ஒரு பெண் ஓர் இடத்துக்கும் அங்கே நிலவும் அதிகாரத்துக்கும் கொடுக்கும் பதிலை இந்தத் தேர்வுகள் அவளுடைய இயல்பு என்று பதிந்துகொள்கின்றன என்பதே என் வாதம். அப்படிப் பதிந்த பிறகு, மாறவேண்டியது அந்த இடம் அல்ல, அவள்தான் என்றாகிவிடுகிறது.

*

என்னிடம் படித்த ஒரு மாணவி, நேர்காணலுக்கு வந்த நிறுவனம் ஒன்று அனுப்பிய அறிக்கையைக் கொண்டுவந்து காட்டினாள். உள்முகி, குழுவில் தலைமை ஏற்கத் தயங்குபவர், வழக்கமான, மேற்பார்வைக்குட்பட்ட பணிகளுக்கு ஏற்றவர். "நான் அப்படியா மிஸ்?" என்று கேட்டாள். எந்தெந்த வாக்கியங்களுக்கு என்ன பதில் போட்டாய் என்று கேட்டேன். மாலை நேரத்தில் நண்பர்கள் கூடும் இடத்துக்குப் போக விரும்புவேன் என்பதற்கு மறுக்கிறேன். திட்டமிடாத பயணங்கள் எனக்குப் பிடிக்கும் என்பதற்கு முழுமையாக மறுக்கிறேன். கருத்து வேறுபாடு வந்தால் அப்போதே வெளிப்படையாகச் சொல்வேன் என்பதற்கு நடுக்கட்டம்.

வடசேரி பேருந்து நிலையத்தில் இறங்கி இன்னொரு பேருந்து மாறித்தான் அவள் ஊருக்குப் போகவேண்டும். மாலை வண்டியை விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது. தாமதமாகப் போனால் வீட்டில் கேட்கும் முன்னே தெருவில் கேட்பார்கள். அவளுக்குக் கூட்டம் பிடிக்குமா, திட்டமிடாத பயணம் பிடிக்குமா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது, அவளுக்கும்கூட. அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு மாலை வாய்க்கவில்லை. இதே பெண்தான் மாலையில் இன்னொரு வண்டி விடச்சொல்லி ஐம்பது பேரிடம் கையெழுத்து வாங்கினாள். பணிமனைக்குப் போய் மேலாளரிடம் பேசியவளும் அவள்தான். அந்த வினாத்தாளில் இதைச் சொல்ல ஒரு கட்டம் இல்லை.

பதினெட்டு வயதிலும் இருபது வயதிலும் ஆண்பிள்ளைக்கு மாலை உண்டு. டீக்கடை உண்டு, மைதானம் உண்டு, பைக்கில் முட்டம் வரை போய்வருவது உண்டு. அவனும் அவளும் ஒரே வாக்கியத்தைத்தான் படிக்கிறார்கள். அவன் தன் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறான். அவள் தனக்கு விதிக்கப்பட்டதிலிருந்து பதில் சொல்கிறாள். திரை இரண்டையும் 'விருப்பம்' என்ற ஒரே பெயரில் கூட்டிக்கொள்கிறது.

*

இந்தத் தேர்வுகள் எங்கே பிறந்தன என்று பார்ப்பது பயன் தரும். முதல் உலகப் போரின்போது, போர்முனையில் மனம் கலங்கக்கூடியவர்களை முன்கூட்டியே கண்டறிவதற்காக அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் உட்வொர்த் ஒரு வினாப்பட்டியல் தயாரித்தார். பிறகு வந்த பல குணத் தேர்வுகளுக்கு அதுவே முன்னோடி. படைக்காக உண்டான முறை தொழிற்சாலைக்குள்ளும் வந்தது. 1930களில் அமெரிக்க நிறுவனங்கள் ஹம்–வாட்ஸ்வொர்த் என்ற குண அளவுகோலைப் பயன்படுத்தி, 'தொல்லை தரக்கூடிய' தொழிலாளர்களை வாசலிலேயே வடிகட்டப் பார்த்தன. தொழிற்சங்கம் சேர்க்கக்கூடியவர்களும் அந்தத் தொல்லைக் கணக்கில் அடக்கம்.

இன்று மிகப் பரவலாக அறியப்பட்ட மையர்ஸ்–பிரிக்ஸ் தேர்வை உருவாக்கியவர்கள் தாயும் மகளுமான இரண்டு பெண்கள்: காதரின் பிரிக்ஸ், இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ். இருவரும் உளவியலில் முறையான பயிற்சி பெற்றவர்கள் அல்லர். கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட உளவியல் வகைகள் பற்றிய நூலைத் தாமே படித்து அதன்மேல் கட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் படைக்குப் போய்ப் பெண்கள் ஆலைகளுக்குள் நுழைந்த காலத்தில், யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று அறிய உதவட்டும் என்று இசபெல் வினாக்களை எழுதத் தொடங்கினார். பல்கலைக்கழக வாசலுக்கு வெளியே இருந்துகொண்டு அறிவுழைப்பில் ஈடுபட்ட பெண்கள் என்ற வகையில் அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் அவர்கள் செய்த தாளின் உள்ளே பார்க்கவேண்டும். அதன் நான்கு பரிமாணங்களில் ஒன்று, ஒருவர் சிந்தனையால் முடிவெடுக்கிறாரா உணர்ச்சியால் முடிவெடுக்கிறாரா என்பது. பழைய பதிப்புகளில் இந்த ஒரு பரிமாணத்துக்கு மட்டும் ஆணுக்கு ஒரு மதிப்பெண் கணக்கு, பெண்ணுக்கு வேறு கணக்கு. ஒரே பதிலுக்கு, எழுதியவர் ஆணா பெண்ணா என்பதைப் பார்த்து எடை மாறியது. பின்னாளில் அதைக் கைவிட்டார்கள். மற்ற குறைகள் நிற்கின்றன. சில வாரங்கள் கழித்து மறுபடி எழுதினால் கணிசமானவர்களுக்கு வேறு வகை வருகிறது என்று உளவியலாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். ஆள் எடுப்பதற்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று வெளியிடும் நிறுவனமே சொல்கிறது.

நிறங்களால் ஊழியர்களைப் பிரிக்கும் பயிற்சி வகுப்புகள் பலவற்றுக்கும் மூலமான 'டிஸ்க்' முறையின் கதை இன்னும் சுவையானது. வில்லியம் மார்ஸ்டன் 1928இல் எழுதிய நூலிலிருந்து வந்தது அது. 'வொண்டர் வுமன்' என்ற படக்கதை நாயகியை 1941இல் உருவாக்கியவரும் இதே மார்ஸ்டன்தான். அவருடைய நான்கு பிரிவுகள் ஆதிக்கம், வசப்படுத்துதல், அடங்குதல், இணங்குதல். பிற்காலத்தில் இதைத் தேர்வாக்கி விற்றவர்களின் கையில் 'அடங்குதல்' மெல்ல 'நிலைத்தன்மை' ஆனது. அலுவலக அறிக்கையில் ஒரு பெண்ணை 'அடங்கிப்போகிறவர்' என்று எழுதினால் அவள் சண்டைக்கு வருவாள். 'நிலையானவர், நம்பகமானவர்' என்று எழுதினால் நன்றி சொல்வாள். வேலை ஒன்றுதான்: மற்றவர்கள் முடிவெடுக்க, இவள் குரல் உயர்த்தாமல் செய்துமுடிப்பது.

லூயிஸ் டெர்மனும் காதரின் காக்ஸ் மைல்ஸும் 1936இல் ஆண்மை–பெண்மையை அளக்கவே ஒரு தேர்வு செய்தார்கள். எதை அளக்கிறோம் என்று எழுதுபவருக்குத் தெரியாமலிருக்க 'மனப்பாங்கு, ஆர்வம்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு கோட்டின் ஒரு முனையில் ஆண்மை, மறுமுனையில் பெண்மை. அந்தக் கோட்டையே கேள்வி கேட்டு, இரண்டும் ஒரே மனிதரிடம் கூடுதலாக இருக்கலாம் என்று சாண்ட்ரா பெம் காட்ட 1974 வரை ஆயிற்று.

*

மேற்சொன்னவற்றை விட அறிவியல் தரம் கூடியது என்று மதிக்கப்படுவது ஐங்குண முறை: புதுமைக்குத் திறந்திருத்தல், பொறுப்புணர்வு, வெளிமுகத்தன்மை, இணக்கம், மனக்கலக்கம். இது எங்கிருந்து வந்தது என்பது தமிழ் படித்தவளான எனக்கு முக்கியம். மனித குணங்களில் எது பெரிதோ அதற்கு மொழியில் சொல் இருக்கும் என்பது இதன் அடிப்படை நம்பிக்கை. 1936இல் ஆல்போர்ட்டும் ஒட்பெர்ட்டும் ஆங்கில அகராதியிலிருந்து ஏறத்தாழ 18,000 சொற்களைத் திரட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் அதைச் சலித்துச் சலித்து ஐந்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

நம் அகராதியை வைத்து இந்த வேலையைச் செய்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? வாயாடி, அடங்காப்பிடாரி, ராங்கிக்காரி, பஜாரி. இவற்றுக்கு ஆண்பாலில் நேரான சொல் தேடிப்பாருங்கள். அதிகம் பேசும் ஆணைப் பேச்சாளன் என்போம். அடங்காதவனை வீரன் என்றோ, மிஞ்சிப்போனால் முரடன் என்றோ சொல்வோம். மறுபக்கம் 'அடக்க ஒடுக்கமானவள்', 'குடும்பப் பாங்கானவள்' என்ற பாராட்டுகளையும் ஆணுக்குச் சூட்டுவதில்லை. யார் யாருக்குப் பெயர் வைத்தார்கள், எந்த நடத்தையைக் கண்டு எரிச்சலுற்றார்கள் என்பதெல்லாம் அகராதியில் உறைந்து கிடக்கிறது. மனித இயல்பின் வரைபடம் என்று அதை எடுத்துக்கொண்டால், பெயர் வைத்தவரின் எரிச்சலும் அளவுகோலுக்குள் ஏறிவிடும். ஐங்குணத் தேர்வுகளில் பெண்கள் சராசரியாக 'இணக்க'த்திலும் 'மனக்கலக்க'த்திலும் கூடுதல் மதிப்பெண் காட்டுகிறார்கள் என்பது பல நாடுகளில் கிடைத்த முடிவு. இணங்கிப் போகாவிட்டால் என்ன பட்டம் கிடைக்கும் என்று சிறுவயது முதல் அறிந்தவர்கள் வேறு என்ன காட்டுவார்கள்?

குணம் என்று பெயர் சூட்டிக் கூலியைக் குறைப்பது எங்கள் மாவட்டத்துக்குப் பழக்கமான காரியம். இங்கே முந்திரி ஆலையை 'அண்டி ஆபீஸ்' என்போம். தோடு உடைப்பது, தோல் உரிப்பது, தரம் பிரிப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை. தோட்டு எண்ணெய் பட்டால் கை பொசுங்கும். பருப்பு உடையாமல் தோல் உரிப்பது ஆண்டுக்கணக்கில் கைவரும் தேர்ச்சி. ஆனால் அதைத் தேர்ச்சி என்று யாரும் சொல்வதில்லை. "பொம்பளைகளுக்குப் பொறுமை உண்டு" என்பார்கள். பொறுமை பிறவிக் குணம் என்றால் அதற்குத் தனியாக எதற்குக் கூலி? 1981இல் டயான் எல்சனும் ரூத் பியர்சனும் உலகச் சந்தைக்கான ஆலைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதைத்தான் சொன்னார்கள்: பெண்ணின் விரல் நளினம் இயற்கை தந்ததல்ல, வீட்டில் சிறுவயது முதல் பழக்கப்பட்டது, பழக்கத்தை இயற்கை என்று சொன்னால் மலிவாகக் கிடைக்கும். குளிரூட்டிய அலுவலகத்தின் ஆளுமை அறிக்கையும் அண்டி ஆபீஸ் கணக்கையே கணினியில் போடுகிறது. 'இணக்கமானவர், பொறுமையானவர், விவரங்களில் கவனமுள்ளவர்' என்ற சான்றிதழோடு ஒருத்தி வாடிக்கையாளர் புகார்ப் பிரிவில் ஆண்டுக்கணக்காக உட்காரவைக்கப்படுகிறாள்.

*

இந்தியாவில் ஆளுமைத் தேர்வு என்பது தனியார் நிறுவனங்களின் வழக்கம் மட்டுமல்ல. குடிமைப்பணித் தேர்வின் நேர்காணலுக்கு அதிகாரபூர்வப் பெயரே 'ஆளுமைத் தேர்வு'. மொத்தம் 2025 மதிப்பெண்ணில் அதற்கு 275. அது வினாத்தாள் அல்ல, எதிரே அமர்ந்திருக்கும் குழுவின் மனப்பதிவு. மனப்பதிவு எப்படி எண்ணாக மாறுகிறது என்பதற்கு நம்மிடம் இரண்டு பெண்களின் வரலாறு இருக்கிறது.

சென்னையில் படித்த குடகுப் பெண் சி.பி. முத்தம்மா, 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றம் போனார். அவர் மனுவில் சொன்னது 1979ஆம் ஆண்டுத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது: தேர்வாணையத் தலைவர் வெளியுறவுப் பணி வேண்டாம் என்று தன்னைத் தடுக்க முயன்றார், நேர்முகத்தில் தனக்குக் குறைந்தபட்ச மதிப்பெண் விழத் தன் செல்வாக்கைப் பயன்படுத்தியதாகப் பின்னொரு சமயம் அவரே தன்னிடம் சொன்னார். திருமணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிடுவேன் என்ற உறுதிமொழியையும் கொடுத்துத்தான் அவர் சேரவேண்டியிருந்தது. வழக்கு நடக்கும்போதே அரசு பதவி உயர்வு கொடுத்துவிட்டதால் மனு தள்ளுபடியானது. ஆனாலும் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்தப் பணி விதிகளில் இருந்த பெண் விரோதத்தைக் கடுமையாகச் சுட்டிக்காட்டி, விதிகளைத் திருத்தச் சொன்னார்.

அன்னா ராஜம் 1951 தொகுதியில் இந்திய ஆட்சிப் பணிக்கு வந்தவர். அதன் முதல் பெண் அதிகாரி. அவரையும் நேர்முகக் குழு தடுக்கப் பார்த்தது. வெளியுறவுப் பணியோ மத்தியப் பணிகளோ எடுத்துக்கொள், பெண்களுக்கு அவைதான் பொருத்தம் என்றது. ஓரிரு ஆண்டு முன்பு முத்தம்மாவுக்கு எது பொருந்தாது என்றார்களோ அதுவே அன்னாவுக்குப் பொருத்தமாகிவிட்டது. பெண்ணின் குணம் அதற்குள் மாறிவிடவில்லை. அவள் எந்த வாசலில் நின்றாளோ அந்த வாசல் அவளுக்குப் பொருந்தாததாயிற்று. அன்னா சென்னை மாநிலத்துக்கே வந்தார். அவரைக் களப்பணிக்கு அனுப்ப முதலமைச்சர் ராஜாஜி தயங்கினார், தலைமைச் செயலகத்தில் இருக்கலாமே என்றார். அன்னா வாதாடி, ஓசூரில் துணை ஆட்சியராகப் பொறுப்பேற்றார்.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். மனிதர்கள் கொண்ட குழு இவ்வளவு பாரபட்சமாக இருந்தால், ஆளைப் பார்க்காத வினாத்தாள் மேல் அல்லவா? அது சேலையைப் பார்ப்பதில்லை, சாதியைக் கேட்பதில்லை, கிறிஸ்தவப் பெயரா இந்துப் பெயரா என்று நோட்டமிடுவதில்லை. எங்கள் மாவட்டத்தில் பெயரைக் கேட்டதும் பாதி ஜாதகம் கணிக்கப்படும் என்பதால் இந்தக் கேள்வியின் வலு எனக்குத் தெரியும். தவிர, 'நான் உள்முகி' என்று சொல்ல ஒரு சொல் கிடைத்ததால் தன்னைத் திமிர் பிடித்தவள் என்று சொன்னவர்களுக்குப் பதில் சொல்ல முடிந்த பெண்களையும் அறிவேன். தன்னைப் பற்றிப் பேச ஒரு சொல் கிடைப்பது சின்ன விஷயமல்ல.

இருந்தும் நான் ஏற்காததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, வினாத்தாள் ஆளைப் பார்க்காமல் இருக்கலாம், ஆனால் எந்த விடை 'பொருத்தம்' என்று முடிவு செய்தவர் ஆளைப் பார்த்தவர்தான். ஏற்கெனவே அந்த நிறுவனத்தில் வெற்றி பெற்றவர்களின் குணச்சித்திரத்தை வைத்துப் பொருத்தம் பார்த்தால், நேற்றுவரை யார் வெற்றி பெற அனுமதிக்கப்பட்டார்களோ அவர்களுடைய அச்சுதான் அளவாகும். இரண்டு, முத்தம்மாவின் வழக்கில் 'தலைவர்' என்று ஓர் ஆள் இருந்தார். அவர் செய்ததை மனுவில் எழுத முடிந்தது, நீதிமன்றத்தில் சொல்ல முடிந்தது. என் மாணவியின் அறிக்கையில் யாருடைய கையெழுத்தும் இல்லை. 'கணினி சொல்கிறது' என்ற இடத்தில் மனுவை யார் பெயருக்கு எழுதுவது? பாரபட்சம் போய்விடவில்லை. அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஆள்தான் போய்விட்டார். அமெரிக்காவில் ஒரு கடைத் தொடர் நிறுவனம், மேலாளர் பதவி உயர்வுக்கு மனநோய்க் கணிப்புக்கான எம்எம்பிஐ வினாத்தாளைப் பயன்படுத்தியபோது, அது மருத்துவப் பரிசோதனைக்குச் சமம், சட்டப்படி கூடாது என்று 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நிறுவனத்தின் பெயர் தெரிந்தது, வினாத்தாள் எது என்பதும் தெரிந்தது. அதனால்தான் ஊழியர்கள் வழக்குப் போட முடிந்தது.

பழைய வடிகட்டி போய்ப் புதியது வந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். திருப்பெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் ஐபோன் பிரிவில் திருமணமான பெண்கள் வேலைக்கு எடுக்கப்படாமல் ஒதுக்கப்பட்டதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், விடுப்பு என்று காரணங்கள் சொல்லப்பட்டனவாம். மெட்டியும் தாலியும்கூடக் காரணமாயினவாம். நிறுவனம் பாகுபாட்டை மறுத்தது. ஒன்றிய அரசு தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. ஆளெடுப்பிலேயே பெண்ணுக்குப் பாகுபாடு கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சொல்லி ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பிறகு வந்த செய்தி இது. 'கல்யாணம் ஆயிற்றா?' என்பது ஒரே கேள்வி கொண்ட ஆளுமைத் தேர்வு. அந்தக் கேள்வியை வெளிப்படையாகக் கேட்டால் இன்று செய்தியாகிறது. 'திடீர் பயணங்களுக்குத் தயாராக இருப்பேன்', 'வேலைக்குப் பிறகும் வேலையைப் பற்றி யோசிப்பேன்' என்ற வாக்கியங்களுக்கு ஏற்பா மறுப்பா என்று கேட்டால் அதே பதில் சத்தமில்லாமல் கிடைத்துவிடும்.

*

நம் மரபு இதில் கைசுத்தமானது என்று சொல்லமாட்டேன். பெருமையும் உரனும் ஆணுக்கு. அச்சமும் நாணமும் மடமும் பெண்ணுக்கு என்று தொல்காப்பியம் பிரித்துவைத்தது. பின்னால் வந்தவர்கள் பயிர்ப்பையும் சேர்த்து நான்காக்கினார்கள். சாமுத்திரிகம் பெண்ணின் நடையைப் பார்த்துக் குணம் சொன்னது. பெண் பார்க்கும் நாளில் காபித் தம்ளரை எப்படி நீட்டுகிறாள் என்பதே ஒரு தேர்வு.

ஆனால் அதே மரபில் வேறு இரண்டு செய்திகள் உண்டு. திருக்குறளின் 'தெரிந்து தெளிதல்' அதிகாரம் ஆள் எடுப்பது பற்றியது. அறம், பொருள், இன்பம், உயிரச்சம் ஆகிய நான்கால் ஒருவனைச் சோதிக்கச் சொல்கிறது. பரிமேலழகர் இதை வடநூல்கள் சொல்லும் 'உபதை'யோடு சேர்த்து விளக்குகிறார். சோதனைக்கு உள்ளாவது அரசனுக்கு அருகே, அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கப்போகிற ஆள். இன்றைய அலுவலகத்தில் தேர்வு எழுதுவது புதிதாக வந்த கடைநிலை ஊழியர். பல பெண்களின் வேலை நாளைத் தீர்மானிக்கும் மேலாளருடைய சினமும் நாவும் எந்தப் பட்டையில் எவ்வளவு என்று அவருக்குக் கீழே இருப்பவர்களுக்கு யாரும் காட்டுவதில்லை. அதே அதிகாரத்தில் வள்ளுவர் இன்னொன்றும் சொல்கிறார்: ஒருவரின் பெருமை சிறுமையை உரைத்துப் பார்க்கும் கல் அவர் செய்த செயல்தான். தன்னைப் பற்றித் தான் சொல்லிக்கொள்வதை வள்ளுவர் உரைகல்லாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது, திணை. அகப்பாடலில் வரும் பெண்ணுக்குப் பெயர் கிடையாது. பெயர் சுட்டக் கூடாது என்பது விதி. அவளுக்கு நிலமும் பொழுதும் உண்டு. குறிஞ்சியில் கூடுகிறாள், முல்லையில் காத்திருக்கிறாள், மருதத்தில் ஊடுகிறாள், நெய்தலில் இரங்குகிறாள், பாலையில் பிரிவுக்கு ஆளாகிறாள். காத்திருக்கிறவளைப் 'பொறுமைசாலி வகை' என்றும் ஊடுகிறவளைச் 'சினவகை' என்றும் எந்த உரையாசிரியரும் பிரிக்கவில்லை. எங்கே, எப்போது, யார் முன்னால் என்று தெரியாமல் அவள் சொல்லுக்குப் பொருள் காண முடியாது. துறைக்குறிப்பு இல்லாத பாடலோடு உரையாசிரியர்கள் படும் பாடு தமிழ் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். உளவியலுக்குள்ளிருந்தே வால்டர் மிஷல் 1968இல் இதற்கு அருகில் வந்தார். ஒரே மனிதர் சூழலுக்குச் சூழல் வேறுவிதமாக நடக்கிறார், குண மதிப்பெண்ணை வைத்து அவர் நடத்தையைக் கணிப்பது அவ்வளவாகப் பலிப்பதில்லை என்றார். பின்னால் வந்தவர்கள் குணங்களுக்கும் ஓரளவு நிலைப்பு உண்டு என்று காட்டி அவரைத் திருத்தினார்கள். ஆனால் சூழலைக் கேட்காமல் ஆளைத் தீர்மானிக்கலாம் என்ற பழைய நம்பிக்கை பிறகு முன்போல நிமிரவில்லை.

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் நான்கும் உள்ள மாவட்டம் என்று நாங்கள் பெருமை பேசுவோம். முட்டத்திலிருந்து கூடையில் மீன் கொண்டுவந்து சந்தையில் விலைபேசும் பெண்ணின் குரல் தெருமுனை வரை கேட்கும். அன்று மாலையே மகளின் படிப்புக் கடனுக்காக வங்கி மேசை முன்னால் நிற்கும்போது அவள் குரல் உள்ளே போய்விடும். இவள் வெளிமுகியா உள்முகியா என்று கேட்பதில் என்ன பொருள் இருக்கிறது? அந்த மேசை ஏன் அவள் குரலை வாங்கிக்கொள்கிறது என்பதுதான் கேட்கவேண்டியது. அலுவலகக் கூட்டத்தில் பேசாத பெண்ணைப் பற்றியும் இதையே கேட்கலாம். முன்பு பேசியபோது யார் இடைமறித்தார்கள், அவள் சொன்ன யோசனை யார் பெயரில் நிறைவேறியது, கூட்டம் எத்தனை மணிக்கு வைக்கப்படுகிறது? இவற்றைக் கேட்டால் நிறுவனம் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டிவரும். 'உள்முகி' என்று எழுதிவிட்டால் அவளுக்கு ஒரு பயிற்சி வகுப்பு ஏற்பாடு செய்தால் போதும்.

*

பயிற்சி வகுப்புகளில் இப்போது விடை சொல்லிக்கொடுக்கிறார்கள். கூட்டம் பிடிக்கும் என்று போடு, மாற்றம் பிடிக்கும் என்று போடு, எதற்கும் நடுக்கட்டத்தைத் தொடாதே. வீட்டுக்கு ஒரு முகம், தெருவுக்கு ஒரு முகம் என்று ஏற்கெனவே பழகிய பெண்பிள்ளைகள் திரைக்கும் ஒரு முகம் தயார் செய்துகொள்கிறார்கள். வேலை வேண்டும், அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் எழுதுபவர் பொய் சொல்லப் பழகிய தேர்வு எதை அளக்கிறது என்று தேர்வு வைப்பவர்கள்தான் சொல்லவேண்டும்.

மாற்று ஒன்றும் வானத்திலிருந்து வரவேண்டியதில்லை. செய்யவேண்டிய வேலையில் ஒரு சிறு பகுதியைக் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்லலாம். எல்லோரிடமும் வேலை சார்ந்த அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டு, எந்த விடைக்கு எவ்வளவு என்று முன்பே எழுதிவைக்கலாம். மதிப்பெண் போட்டவர் கையெழுத்திடலாம். குணத் தேர்வு வைத்தே தீருவோம் என்பவர்களிடம் மூன்று கேள்விகள் உண்டு. இந்த முடிவை எழுதியவருக்குக் காட்டுவீர்களா? இது எங்கே, எத்தனை காலம் வைக்கப்படும்? இதை உங்கள் மேலாளர்களும் எழுதினார்களா, அவர்களுடையதை நாங்கள் பார்க்கலாமா?

இந்தக் கேள்விகளை இருபத்தொரு வயதுப் பெண் நேர்காணல் அறையில் தனியாகக் கேட்க முடியாது. கேட்டால் 'இணக்கம் குறைவு' என்று அதையும் குறித்துக்கொள்வார்கள். முதல் தலைமுறையாகச் சம்பளம் வாங்கப்போகிற பிள்ளை அந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. நிறுவனங்களுக்கு அழைப்பு அனுப்பி, அரங்கு கொடுத்து, மாணவியரின் பட்டியலையும் கொடுப்பது கல்லூரி. பட்டியலைக் கொடுக்கும் முன் கல்லூரி கேட்கட்டும். எழுத்துபூர்வமாகப் பதில் வாங்கி, தேர்வு எழுதப்போகிறவர்கள் படிக்கும்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். கல்லூரி தயங்கினால் ஆசிரியர்களான நாங்கள் துறைக் கூட்டத்தில் எழுந்து கேட்போம்.